மருதாணி: இலை பறிக்க வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

காங்கேயத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவில் எங்கள் தோட்டம். கிணற்று மேட்டோரம் இரண்டு மருதாணிச் செடிகள் நிற்கின்றன. செடி என்று சொல்கிறோமே தவிர, இரண்டும் ஆள் உயரத்தைத் தாண்டிப் பல வருடமாகிறது. ஆடி பிறந்தால் போதும், இலை கேட்டு ஆள் வரும். பதினெட்டுக்கு இரண்டு நாள் முன்னால் கீழ்க்கொப்பெல்லாம் மொட்டையாகிவிடும். பறிக்கிறவர்கள் சும்மா பறிப்பதில்லை, ஏதாவது கேட்டுக்கொண்டே பறிப்பார்கள். அப்படிக் கேட்டவற்றையும் நான் சொன்னவற்றையும் இங்கே எழுதியிருக்கிறேன். நான் வைத்தியர் இல்லை. என் அமுச்சி (அம்மாவின் அம்மா) செய்த கைவைத்தியத்தைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள். சந்தேகம் வந்தால் தேடிப் படிக்கிற பழக்கமும் உண்டு.

மருதாணி, மருதோன்றி, அழவணம் எல்லாம் ஒரே செடியா?

ஒரே செடிதான். நாம் பேசுவது மருதாணி. சித்த மருத்துவ நூல்களில் மருதோன்றி, அழவணம், ஐவணம் என்று வரும். தாவரவியல் பெயர் லாசோனியா இனெர்மிஸ். மாதுளையும் இதுவும் ஒரே குடும்பம் என்றால் பலர் நம்பமாட்டார்கள். 'இனெர்மிஸ்' என்ற லத்தீன் சொல்லுக்கு 'முள் இல்லாத' என்று அர்த்தம். பெயர் வைத்தவர் இளஞ்செடியைத்தான் பார்த்திருப்பார் போல. முதிர்ந்த செடியின் சிறு கிளைகள் நுனியில் முள்ளாக முடியும், எங்கள் செடியில் கையைக் கீறிக்கொண்டவர்களுக்குத் தெரியும்.

மருத மரம் வேறு, மரிக்கொழுந்து வேறு. இரண்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

ஏனுங்க, எங்க அக்காளுக்கு ரத்தமாட்டம் செவக்குது, எனக்கு மட்டும் வெளிறிப் போகுது. ஏன்?

"பித்த உடம்புக்குக் கருக்கும்" என்பார்கள். "கட்டிக்கப் போறவன் பிரியமா இருப்பான்" என்பார்கள். இரண்டாவதைச் சொல்லித்தான் என்னை ராத்திரி முழுக்க அசையாமல் உட்கார வைத்தார்கள்.

இலையில் லாசோன் என்ற சாயப்பொருள் இருக்கிறது. காய்ந்த இலையின் எடையில் ஏறக்குறைய நூற்றுக்கு ஒரு பங்கு, சில இலையில் அதற்கும் கொஞ்சம் கூட. இலையை நசுக்கி, புளிப்பான ஈரத்தோடு வைத்தால் அது வெளியே வந்து தோலின் மேலடுக்கில் உள்ள கெரட்டின் என்ற புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும். கெரட்டின் தடித்த இடம் உள்ளங்கை, உள்ளங்கால், நகம். அங்கேதான் நன்றாகப் பிடிக்கும். புறங்கையில் அதே விழுது வைத்தாலும் சீக்கிரம் மங்கிவிடும். உடம்புச் சூடு இருக்கிற கையில் சாயம் வேகமாக இறங்கும் என்பதால் 'பித்த உடம்பு' பேச்சில் கொஞ்சம் உண்மை இருக்கலாம்.

எடுத்தவுடன் ஆரஞ்சு நிறமாக இருந்தால் கவலைப்படாதீர்கள். காற்றுப் பட்டு ஒன்றிரண்டு நாளில்தான் செம்பழுப்பாகும். எடுத்தவுடன் சோப்புப் போட்டுக் கழுவுவதுதான் பெரும்பாலோர் செய்கிற தப்பு. உதிர்த்துவிட்டு, துளி தேங்காய் எண்ணெயோ நீலகிரித் தைலமோ தடவி, தண்ணீர் படாமல் அரை நாள் விடுங்கள். தோலில் இரண்டு மூன்று வாரம் நிற்கும். நகத்தில் ஏறினால் நகம் வளர்ந்து வெட்டுப்படும் வரை போகாது.

அரைக்கும்போது என்ன சேர்ப்பது?

எங்கள் வீட்டில் இலை, கொஞ்சம் புளி, ஒரு கொட்டைப்பாக்கு, அவ்வளவுதான். புளி கிடைக்காவிட்டால் எலுமிச்சை. சிலர் கிராம்பு சேர்ப்பார்கள், சிலர் சர்க்கரை. சர்க்கரை விழுதை ஒட்டிப் பிடிக்கவும் காயாமல் வைத்திருக்கவும்தான். மிக்ஸியில் அரைத்தால் தண்ணீர் அதிகமாகிவிடும். அம்மியில் அரைத்தால் வழுவழுவென்று வரும், ஆனால் அரைக்கிறவள் கைதான் முதலில் சிவக்கும். அரைத்தவள் உள்ளங்கை ஒரே சிவப்பாக அப்பியிருக்க, மற்றவர்கள் விரலுக்குத் தொப்பியும் நடுவில் வட்டமுமாக அழகாக வைத்துக்கொண்டு போவது பழைய அநியாயம்.

பித்தவெடிப்புக்கும் நகச்சுத்திக்கும் உண்மையிலேயே கேட்குமா?

மருதாணியை மருந்தென்று நான் நம்பிச் சொல்வது இந்த ஒரு விஷயத்தில்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கொங்குநாடு மழை மறைவுப் பிரதேசம். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று ஈரத்தை மேற்கே கொட்டிவிட்டு இங்கே வறண்டு அடிக்கும். செருப்பில்லாமல் காட்டில் நடக்கிற காலில் குதிகால் பாளம் பாளமாக வெடிக்கும். இன்னொரு பக்கம், காளிங்கராயன் வாய்க்கால் பாசனத்தில் மஞ்சளுக்கும் நெல்லுக்கும் தண்ணீர் கட்டுகிறவர்களுக்குக் கால்விரல் இடுக்கில் சேற்றுப்புண். பாத்திரம் தேய்க்கிறவர்களுக்கு, சாயப்பட்டறையில் ஈரத்திலேயே நிற்கிறவர்களுக்கு நகக்கண்ணில் நகச்சுத்தி. இந்த மூன்றுக்கும் எங்கள் பக்கத்து வைத்தியம் ஒன்றே: மருதாணி அரைத்து வை.

மருதாணிச் சாறு சில பூஞ்சைகளையும் பாக்டீரியாக்களையும் வளரவிடாமல் தடுப்பதைப் பரிசோதனைக் கூடத்தில் பார்த்திருக்கிறார்கள். இலையில் துவர்ப்புச் சத்தும் உண்டு. ஊறிப்போன தோலை அது இறுக்கிக் காய வைக்கும். அதனால் சேற்றுப்புண்ணுக்கு இது பொருந்துகிறது.

செய்யும் விதம் இது. சேற்றுப்புண்ணுக்கு இலையோடு ஒரு துண்டு மஞ்சள் வைத்து அரைத்து, ராத்திரி காலைக் கழுவி, விரல் இடுக்கைத் துணியால் ஒற்றிக் காயவைத்த பிறகு பூசவேண்டும். ஈரத்தின் மேல் பூசினால் ஒன்றும் ஆகாது. நான்கைந்து ராத்திரி விடாமல் செய்யவேண்டும். பித்தவெடிப்புக்கு முதலில் காலை வெந்நீரில் ஊறவைத்து, செத்த தோலைத் தேய்த்து எடுத்துவிட்டுப் பூச வேண்டும். காலையில் உதிர்த்த பிறகு எண்ணெய் தடவுவது முக்கியம். மருதாணி தோலை வறளவும் செய்யும், எண்ணெய் விடாவிட்டால் வெடிப்பு கூடத்தான் செய்யும். இதை யாரும் சொல்வதில்லை. பத்து நாள் பூசியும் கேட்கவில்லை என்று வருகிறவர்களிடம் எண்ணெய் தடவினீர்களா என்றுதான் முதலில் கேட்பேன். பெரும்பாலும் இல்லை என்பார்கள்.

நகச்சுத்தி ஆரம்பத்தில், லேசாகச் சிவந்து வலிக்கும்போது வைத்தால் குளிர்ச்சியாக இருக்கும். சீழ் கோத்து விண்விண்ணென்று தெறித்தால் அது மருதாணி வேலை இல்லை. எலுமிச்சம்பழத்தைச் சொருகிக்கொண்டு ஒரு வாரம் திரிவதும் வேண்டாம். ஆஸ்பத்திரியில் சின்னதாகக் கீறிச் சீழை எடுத்துவிட்டால் அன்றைக்கு ராத்திரியே தூங்கலாம்.

சர்க்கரை நோயாளிகள் காலில் வெடிப்போ புண்ணோ இருந்தால் மருதாணி வைக்கவே வேண்டாம். சிவப்புச் சாயம் ஏறிய காலில் புதுச் சிவப்பு தெரியாது, வீக்கம் கண்ணில் படாது. உணர்ச்சி குறைந்த கால் என்றால் வலியும் சொல்லாது.

உடம்புச் சூட்டை இழுக்கும் என்கிறார்களே?

மாசி கழிந்தால் இதைக் கேட்காதவர் இல்லை. அரைத்த பச்சிலையை உள்ளங்காலில் அப்பினால் குளுகுளுவென்று இருப்பது உண்மை. ஈரம் ஆவியாகும்போது தோலின் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இப்படித்தான். உள்ளங்கால் எரிச்சலுக்கு இது நல்ல ஆறுதல். கேப்சிடபின் என்ற புற்றுநோய் மாத்திரை சாப்பிடுகிற சிலருக்கு உள்ளங்கை, உள்ளங்கால் சிவந்து எரியும். துருக்கியில் மருத்துவர்கள் அப்படிப்பட்ட சிலருக்கு மருதாணி வைத்துப் பார்த்து, எரிச்சல் தணிந்ததாக எழுதியிருக்கிறார்கள். சின்ன எண்ணிக்கைதான், அதை வைத்துப் பெரிதாகப் பேச முடியாது. நம் அமுச்சிகள் செய்ததைப் போலவே இன்னொரு ஊரிலும் செய்து பார்த்திருக்கிறார்கள் என்பதற்காகச் சொன்னேன்.

ஆனால் கால் எரிச்சல் மாதக்கணக்கில் போகாமல் இருந்தால் அது 'சூடு' இல்லை. சர்க்கரையையும் பி12 அளவையும் பார்த்துவிடுங்கள்.

பூவைத் தலையணைக்குள் வைத்தால் தூக்கம் வருமா?

என் அமுச்சி வைப்பார். காய்ந்த பூவைத் துணியில் முடிந்து தலைமாட்டில் வைத்தால் வாசம் மெல்ல வந்துகொண்டே இருக்கும். பூ பொடிப்பொடியாக, வெள்ளையும் மஞ்சளும் கலந்து கொத்தாக இருக்கும். சாயங்காலத்துக்கு மேல்தான் வாசம் கூடும். இந்தப் பூவிலிருந்து வடித்த அத்தர்தான் வடநாட்டில் 'ஹினா' என்று விற்கிறது. எனக்குத் தூக்கம் வந்தது பூவாலா, அமுச்சி பக்கத்தில் படுத்திருந்ததாலா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. வாசம் ஒத்துக்கொள்ளாமல் தலைவலி வருகிறவர்களும் உண்டு.

மருதாணி எண்ணெய் எப்படிக் காய்ச்சுவது? நரை கருக்குமா?

பச்சிலையை மையாக அரைத்து, சின்னச் சின்ன வடையாகத் தட்டி, நிழலில் சருகாகக் காயவைக்க வேண்டும். ஈர வடையை எண்ணெயில் போட்டால் தெறிக்கும், எண்ணெயும் சீக்கிரம் காறிப்போகும். காய்ந்த வடையைத் தேங்காய் எண்ணெயில் போட்டு, சிறுதீயில் சடசடப்பு அடங்கும் வரை காய்ச்சி இறக்கி வடிகட்டுங்கள். எண்ணெய்க்கு நமக்கு என்ன குறை? வெள்ளகோவில், காங்கேயம் பக்கம் கொப்பரைக் களங்கள் இல்லாத சாலை உண்டா?

இந்த எண்ணெய் முடிக்குப் பளபளப்பு கொடுக்கும், உச்சந்தலைக்குக் குளிர்ச்சி. நரையைக் கருக்கவைக்காது. லாசோன் தண்ணீரில், புளிப்பில் வேலை செய்கிற சாயம். எண்ணெயில் அது முடியில் ஏறாது. நரைக்குச் சாயம் வேண்டுமென்றால் விழுதாகத்தான் பூச வேண்டும். அப்படிப் பூசினாலும் வெள்ளை முடி கருப்பாகாது, செம்பட்டையாகத்தான் ஆகும். கருப்பு வேண்டும் என்கிறவர்கள் முதல் நாள் மருதாணி, அலசிக் காயவைத்து, அடுத்து அவுரிப் பொடி என்று இரண்டு கட்டமாகப் போடுகிறார்கள். அவுரி என்பது நீலச்சாயம் எடுக்கிற செடி. செம்பின் மேல் நீலம் ஏறினால் கண்ணுக்குக் கருப்பாகத் தெரியும். பொறுமை வேண்டும்.

தலையில் பூசி மூன்று நான்கு மணி நேரம் ஈரத்தோடு உட்காருவது சளி, தலைபாரம் உள்ளவர்களுக்கு ஒத்துக்கொள்ளாது. அவர்கள் வெயில் ஏறிய பிறகு ஒரு மணி நேரத்தில் அலசிவிடலாம்.

காமாலைக்கு இலைச்சாறு குடிக்கச் சொல்கிறார்கள். குடிக்கலாமா?

வேண்டாம். யார் கேட்டாலும் இதை மட்டும் நான் சுற்றிவளைக்காமல் சொல்லிவிடுவேன்.

மருதாணிப் பட்டையும் இலையும் காமாலைக்கு ஆகும் என்று பழைய நூல்களில் இருப்பது உண்மை. வெள்ளைப்படுதலுக்கு இலைச்சாறு என்றும் உண்டு. ஆனால் நம் ரத்தச் சிவப்பணுக்களில் ஜி6பிடி என்றொரு நொதி இருக்கிறது. அணு உடையாமல் காப்பது அதன் வேலை. சிலருக்குப் பிறவியிலேயே அது குறைவு. தாய் வழியாகப் பிள்ளைக்கு வருவது, ஆண்பிள்ளைகளிடம் அதிகம் வெளிப்படும். சாதாரணமாக ஒரு தொந்தரவும் இராது, தமக்கு அந்தக் குறை இருப்பதே தெரியாமல் வளர்ந்தவர்கள் உண்டு. அப்படிப்பட்டவர் உடம்பில் லாசோன் போனால் சிவப்பணுக்கள் கூட்டமாக உடையும். உடைந்தால் என்ன வரும்? கண் மஞ்சள், காமாலைதான்! காமாலைக்கு என்று குடித்த சாறே காமாலையைக் கூட்டிவிட்டால், வீட்டார் 'நோய் முற்றிவிட்டது' என்று இன்னொரு டம்ளர் கொடுப்பார்கள்.

அந்துருண்டையும் இந்தக் குறை உள்ளவர்களுக்கு இதே கெடுதலைச் செய்யும். மலேரியாவுக்குக் கொடுக்கிற பிரிமாகுவின் மாத்திரையும் அப்படித்தான்.

சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போவது, முகம் வெளுப்பது, மூச்சு வாங்குவது இவையெல்லாம் தெரிந்தால் தாமதிக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மருதாணி குடித்ததையும் மறைக்காமல் சொல்லுங்கள். "கைவைத்தியம் செய்தோம் என்றால் டாக்டர் திட்டுவார்" என்று மறைப்பவர்கள் அதிகம். திட்டினால் திட்டட்டும்.

சித்த மருத்துவத்தில்தான் பார்க்க வேண்டும் என்றால் அரசு ஆஸ்பத்திரிகளில் சித்தப் பிரிவு இருக்கிறது. படித்த வைத்தியர் நாடி பார்த்து, அளவு பார்த்துக் கொடுப்பது வேறு. என் தோட்டத்தில் ஒரு பை இலை பறித்துக்கொண்டு போய் நீங்களே அரைத்துக் குடிப்பது வேறு.

கைக்குழந்தைக்கு வைக்கலாமா? தொட்டில் போடும் அன்று ஆசையாக இருக்கிறது.

மேலே சொன்ன அதே காரணத்துக்காக வேண்டாம். குழந்தையின் தோல் மெல்லியது, உடம்பு சிறியது, கையை வாயில் வைக்கும். மருதாணி பூசியதால் மட்டுமே சிவப்பணு உடைந்து மோசமான கைக்குழந்தைகளைப் பற்றி மருத்துவப் பத்திரிகைகளில் பதிவுகள் இருக்கின்றன. ஆசைக்கு அம்மா வைத்துக்கொள்ளட்டும். பெரிய பிள்ளைகளுக்கு விரலில் தொப்பி வைப்பதைப் பற்றி நான் பயமுறுத்தமாட்டேன், ஆனால் ஜி6பிடி குறை இருப்பதாகத் தெரிந்த வீட்டில் அதுவும் கூடாது.

மாசமாக இருக்கிறவர்கள்?

வளைகாப்புக்குக் கையில் பச்சிலை வைப்பதில் தவறில்லை. வாய்க்குள் மட்டும் எந்த ரூபத்திலும் போகக்கூடாது. வேரைக் கருக்கலைப்புக்குப் பயன்படுத்திய வழக்கம் சில நாடுகளில் இருந்திருக்கிறது.

பத்து நிமிஷத்தில் கருப்பாகும் கோன் கல்யாண வீடுகளில் வருகிறதே, அது என்ன மருதாணி?

அது மருதாணியே இல்லை. மருதாணிக்குக் கருப்பு நிறம் தெரியாது, பத்து நிமிஷமும் போதாது. அந்தக் கருப்புக்குப் பெரும்பாலும் காரணம் பாரா ஃபெனிலீன்டயமீன், சுருக்கமாக பிபிடி. தலைச்சாயத்தில் இருப்பது அதேதான். முடிக்குப் போடும் சாயத்திலேயே காதோரம் தடவி ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்கச் சொல்லி அட்டையில் அச்சடிக்கிறார்கள். அதைக் கொண்டுபோய்ப் பெண்ணின் கை முழுக்க வரைந்தால்?

என் நாத்தனார் மகளுக்கு நிச்சயத்துக்கு முதல் நாள் ஒருவர் வந்து அப்படி வரைந்துவிட்டுப் போனார். அழகாகத்தான் இருந்தது. மூன்றாம் நாள் வரைந்த கோட்டுக்கோடு அப்படியே கொப்பளம் எழும்பியது. கொடி, இலை, மாங்காய் எல்லாம் தண்ணீர் கோத்து நின்றன. தோல் டாக்டர் கொடுத்த களிம்பில் ஆறியது, ஆனால் கோடு போன இடம் பல மாதம் வெளிறிக் கிடந்தது. டாக்டர் இன்னொன்றும் சொன்னார்: இனி வாழ்நாளுக்கும் தலைச்சாயம் போடக்கூடாது. ஒரு முறை பிபிடியைப் பகையாகப் பார்த்த உடம்பு அதை மறக்காது. அதே ஜாதிச் சாயங்கள் ஏறிய சில துணிகள்கூட அரிக்கலாம். திருப்பூர்ப் பக்கம் வாழ்க்கைப்பட்ட பெண்ணுக்கு இது சின்ன விஷயமில்லை.

பொடி வாங்கினால் நிறத்தைப் பாருங்கள். நல்ல பொடி மங்கிய பச்சை, காய்ந்த சோளத்தட்டு வாசம் அடிக்கும். கன்னங்கரேலென்ற பொடியைத் தொடாதீர்கள். ராஜஸ்தானின் சோஜத் ஊர்ப் பொடிக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அங்கே ஏக்கர் கணக்கில் இதே வேலைதான்.

மருதாணி வைத்த கையோடு ஆபரேஷனுக்குப் போகலாமா?

விரலில் மாட்டி ஆக்சிஜன் பார்க்கும் கருவி ஒளியை நகத்தின் வழியே விட்டுத்தான் அளக்கிறது. சாதாரணச் சிவப்புக்குப் பெரிய தொந்தரவு இல்லை, அடர்ந்த கருப்பு என்றால் அளவு சரியாக வராமல் போகலாம். தேதி தெரிந்திருந்தால் ஒரு விரலையாவது சும்மா விட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

காசித்தும்பை இலையும் கையைச் சிவக்க வைக்கிறதே?

வைக்கும். அதிலும் லாசோன் உண்டு. கொரியாவில் பெண்கள் நகத்துக்கு வைப்பது காசித்தும்பைதான். மருதாணி கிடைக்காத வருடம் நாங்களும் முயன்று பார்த்தோம். சுமார்தான்.

விதையைச் சாம்பிராணியில் போட்டால் பணம் வருமா?

வாசம் வரும்.

எங்கள் தோட்டத்திலும் வைக்க வேண்டும். விதையா, குச்சியா?

விதை ரொம்பச் சிறியது, முளைக்க மனசு வைக்காது. பல நாள் ஊறவைத்து, தண்ணீரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். குச்சி சுலபம். பென்சில் பருமனில் முதிர்ந்த கொப்பாகப் பார்த்து ஒரு சாண் வெட்டி, ஐப்பசி மழையில் ஊன்றிவிடுங்கள். வேர் பிடிக்கும் வரைதான் தண்ணீர். அப்புறம் கிளுவை வேலியைப் போல அதுபாட்டுக்கு நிற்கும், நம் கொறங்காட்டு மேய்ச்சல் நில வறட்சி அதை ஒன்றும் செய்யாது. தண்ணீர் தேங்குகிற பள்ளத்தில் மட்டும் வைக்க வேண்டாம். நல்ல வெயில் வேண்டும், வெயிலில் வளர்ந்த இலைதான் சிவக்கும்.

வைகாசியில் ஒரு முறை கவாத்து பண்ணிவிட்டால் ஆடிக்குப் புதுத்துளிர் நிறைய இருக்கும். குச்சி வேண்டுமென்றால் ஐப்பசி மழை நாளில் வாருங்கள். இலைக்கு என்றால் பதினெட்டுக்கு ஒரு வாரம் முன்னாலேயே வந்துவிடுங்கள், அப்புறம் மேல்க்கொப்புக்கு ஏணி போட வேண்டியிருக்கும்.